மீராசாவின் பெண்சாதிக்குப் பெயரில்லை

கல்முனைக் கரையில் ஒருவனைப் பெற்ற உம்மாவை ஏசிவிட்டுக்கூட உயிரோடு வீடு திரும்பிவிடலாம். 'மீராசாவின் தோணி' நாடகத்தைக் குறை சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் கஷ்டம். சோற்றில் உப்பில்லை என்றால் பொறுத்துக்கொள்கிற சனம், மீராசாவின் பாட்டில் சுருதி போதாது என்று ஒரு வார்த்தை சொன்னால் கையை மடக்கிக்கொண்டு எழும்பிவிடும்.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள், கடற்கரைத் திடலில், பின்னேரம் அஸர் தொழுத பிறகு நாடகம் தொடங்கும். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு கேட்டால் மீராசா நடுக்கடலில் இருந்தாலும் சரி, அப்படியே நிறுத்திவிட்டுத் தொழப் போவார்கள். தொழுதுவிட்டு வந்து மிச்சத்தை ஆடுவார்கள். மருதமுனையிலிருந்தும் பாலமுனையிலிருந்தும் சனம் வேன் பிடித்து வரும். கட்டாரில் வேலை செய்கிறவர்கள் லீவை நாடகத்துக்குத் தோதாகப் போடுவார்கள். ஒரு மனிதர் தன் பிள்ளைக்கே மீராசா என்று பேர் வைத்தார். அந்தப் பிள்ளை கடலைக் கண்டாலே அலறும் என்பது வேறு கதை.

கதை என்று பார்த்தால் கைப்பிடியளவுதான். மீராசா தோணிக்காரன். நோயாளிப் பெண்சாதியை வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறான். புயல் அடிக்கிறது. எங்கோ ஒதுங்கி, பாடிப் பாடித் துடுப்பு வலித்து, கடைசியில் கரை வந்து சேர்கிறான். வாசலில் ஒரு திரை தொங்குகிறது. உள்ளே அவள் உயிர் போய், மௌத்தாகிக் கிடக்கிறாள். திரைக்கு முன்னால் நின்று, பெண்சாதியை மச்சி என்று கூப்பிட்டு மீராசா பாடுகிற பாட்டுத்தான் ஊரையே கட்டிப்போட்ட பாட்டு.

வந்திட்டேன் மச்சி, வந்திட்டேன் மச்சி,
வாசல் திறந்து வா மச்சி!

திரை விலகாது. அந்தப் பெண்ணை ஒருவரும் பார்த்ததில்லை. என்ன ஒரு கலை நுட்பம் என்று சனம் வாயைப் பிளக்கும். உள்ளதைச் சொன்னால், முதல் வருசம் ஒரு பொடியனுக்குச் சேலை கட்டிவிட்டுத்தான் மேடையேற்ற இருந்தார்கள். ஆம்பிளை பொம்பிளை உடுப்புப் போடுவது மார்க்கத்துக்குக் கூடாது என்று பள்ளிவாசலில் இருந்து ஆள் வந்து சொல்லிவிட்டார். பொம்பிளையே மேடையேறுவது பற்றி நினைக்கிறவர்கூட அந்தக் காலத்தில் கிடையாது. கடைசி நேரத்தில் வேறு வழியில்லாமல் ஒரு படுக்கை விரிப்பை எடுத்துத் தொங்கவிட்டார்கள். இல்லாமையில் செய்த வேலைக்கு வருசம் போகப் போக நுட்பம் என்று பேராகிவிட்டது.

நாடகத்தை எழுதி, மெட்டுப் போட்டு, மீராசாவாகவும் நடிக்கிறவர் றஸாக். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே மகள் அப்ரா, பாலர் பாடசாலை ரீச்சர். அவளுக்கும் அக்கரைப்பற்றில் தமிழ் படிப்பிக்கிற பர்ஸானுக்கும் போன மாசம்தான் காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதியது. மார்க்கப்படி அவர்கள் புருசன் பெண்சாதி. எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மேல்வீட்டு அறைக்குச் சீலிங் அடித்து முடிந்ததும் மாப்பிள்ளையை அழைத்து வருவது என்று பேச்சு. அதுவரைக்கும் போன்தான். அந்தப் போனில் அவர்கள் பேசாத பேச்சில்லை.

அந்த மாப்பிள்ளைதான் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்க முகநூலில் எழுதினான். 'மீராசாவின் தோணியில் இவ்வளவு பாரம் ஏற்றலாமா?' என்று தலைப்பு. ஆறேழு நல்ல பாட்டு இருக்கிறது, மிச்சமெல்லாம் நாங்கள் ஏற்றிவைத்த பாரம் என்று எழுதியிருந்தான். நாடகமா இது, ஒரு ஆள் தன்னைத் தானே பார்த்து அழுகிற மூன்று மணித்தியாலம் என்று எழுதியிருந்தான். இவ்வளவோடு விட்டிருந்தாலும் ஊர் பொறுத்திருக்காது. ஆனால் கடைசியில் வேறொரு வரி இருந்தது. "மௌத்தாப் போறது அவ, கைதட்டு வாங்குறது அவன். ஒரு பேராச்சும் வெச்சிரிக்கலாம்."

அந்த வரியை அப்ரா தன் போனில் வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏனென்றால் அது அவள் சொன்னது. ஒரு நாள் பர்ஸான் நாடகத்தைப் பற்றிக் கேட்டான். உனக்கு உண்மையில் பிடிக்குமா, வாப்பாவின் மகள் என்று பார்க்காமல் சொல்லு என்றான். அவளும் வாய் தவறியோ, ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்ற ஆசையிலோ, அப்படியே சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அது ஊருக்கே தெரியும், அவன் அக்கரைப்பற்றான் என்பதால் தெரியாமல் போயிருக்கலாம். அப்ராவுக்குப் பதினொரு வயதில் உம்மா மைமூனா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெருநாள் மூன்றாம் நாள். வாப்பா பின்னேரம் வந்து பார்த்துவிட்டு நாடகத்துக்குப் போனார். அவர் திரைக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்த நேரத்தில் உம்மா மௌத்தாகிவிட்டாள். அந்தப் பாட்டை அன்றைக்குப் பாடினது போல அவர் அதற்கு முன்னாலும் பாடினதில்லை, பிறகும் பாடினதில்லை. யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது சவூதி, கட்டார் எல்லாம் சுற்றியது. மீராசாவின் தோணி பேர் பெற்றது அன்றைக்குத்தான். பெண்சாதி சாகக் கிடக்கையிலும் கலைக்காக மேடையேறிய மனிதர் என்று சனம் வாப்பாவைத் தலையில் வைத்து ஆடியது. இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

*

பர்ஸான் எழுதிய மறுநாள் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. ரசிகர் வட்டத்தின் தலைவர் முஸ்தாக் முன்னுக்கு வந்து உட்கார்ந்தார். வாப்பாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அவர் கூல்பார் வைத்திருக்கிறவர். அங்கே 'மீராசா ஸ்பெஷல்' என்று ஒரு பலூடா இருக்கிறது, மேலே ஒரு சின்னக் கடதாசித் தோணி குத்தி வைத்துத் தருவார்கள்.

"காக்கா, இது உங்களச் சொன்னதில்ல, எங்கட ஊரச் சொன்னது" என்றார் முஸ்தாக். "அக்கரைப்பத்தில இருந்து ஒருத்தன் வந்து எங்கட நாடகத்துக்குப் பாரம் நிறுக்கிறானா? அதுவும் உங்கட வீட்டுக்கு வரப்போற மாப்பிள்ள!"

அப்ரா உள்வாசல் திரைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். வாப்பா, பர்ஸான் எழுதினதைக் கையில் போனை வைத்துக்கொண்டு வாசித்தார். பிறகும் வாசித்தார்.

"எழுதினத்த அழிக்கட்டும்" என்றார் கடைசியில். "பெருநாளைக்கு மேடைக்கு வந்து, பிழையா எழுதிப்போட்டன் எண்டு சொல்லி, ஒரு பொன்னாடையப் போர்த்தட்டும். ஏலாட்டி இந்த வீட்டு வாசலுக்கு மாப்பிள்ளையா வரத் தேவயில்ல. காவின முறிச்சிக் குடுக்கட்டும்."

முஸ்தாக் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்ரா தேத்தண்ணித் தட்டைக் கொடுக்காமல் அப்படியே அடுப்படிக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். மாப்பிள்ளைக்கு வாசலை மூடிவிட்டால் கலியாணத்தில் பிறகு என்ன மிச்சம்?

அன்றைக்கே பர்ஸானுக்குப் போன் எடுத்தாள்.

"அழிக்கிறது ஒரு நிமிசத்து வேல, நீ சொன்னா அழிக்கிறன்" என்றான் அவன். "ஆனா மேடையில ஏறி, அது உலகத்தில இல்லாத நாடகம் எண்டு பொய் சொல்ல எனக்கு ஏலாது அப்ரா. நாளைக்கு வகுப்பில பிள்ளைகளுக்கு முன்னால எந்த முகத்தோட நிக்கிற?"

"என்ட கதைய என்னத்துக்கு எழுதின நீங்க?"

"எந்தக் கதைய?"

"மௌத்தாப் போறது அவ எண்டத."

"அது நல்ல வசனம் அப்ரா. விட்டுட்டுப் போக மனசு வரல்ல."

அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பாள். படித்தவனுக்கு எல்லாம் வசனம். "அது வசனமில்ல" என்றாள். "அது என்ட உம்மா." பிறகு ஆஸ்பத்திரிக் கதையை, ஊருக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும், மூச்சு விடாமல் சொன்னாள்.

"யா அல்லாஹ்" என்றான் பர்ஸான். "எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிரிந்தா எழுதியிரிப்பனா?" அவன் குரல் உடைந்திருந்தது. "நீ சொன்னது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். என்ட தலையிலேயே கிடக்கட்டும். ஆனா வாப்பாக்கு முன்னால பொய்யும் சொல்லமாட்டன். என்ன செய்யிற எண்டு நீ சொல்லு."

நல்ல மனிதன்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. நல்ல மனிதனாக இருந்துகொண்டு முழுச் சுமையையும் அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டான். அவள் வாப்பாவிடம் உண்மையைச் சொன்னால் வாப்பா போய்விடுவார். சொல்லாமல் விட்டால் பர்ஸான் போய்விடுவான்.

உம்மாவின் தங்கை பஹ்மிதாதான் அவளை வளர்த்தவள். அப்ரா அவளைச் சாச்சி என்று கூப்பிடுவாள். சாச்சி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு மாவுக் கையோடு அப்ராவின் கன்னத்தைப் பிடித்தாள்.

"வாயப் பொத்திட்டு இரி கா. மாப்பிள்ள இன்னொருத்தன் கிடைப்பான். வாப்பா இன்னொருத்தர் கிடைக்கமாட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரியில நடந்தத மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாத. அந்த மனிசன் தாங்கமாட்டார். இவ்வளவு காலமும் சொல்லாம வெச்சிரிக்கிறம்."

"நானும் எத்தினை காலத்துக்குச் சாச்சி?"

சாச்சி தட்டிய ரொட்டியையே திரும்பவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

*

பெருநாளுக்கு முதல் நாள், அறபா நோன்பு. பின்னேரம் வாப்பா பின்வளவில் ஒரு கதிரையைப் போட்டு ஆர்மோனியத்தோடு இருந்தார். மீராசாவின் சேட்டு கொடியில் காய்ந்தது. அதற்கு ஒவ்வொரு வருசமும் புதிதாகக் கிழிசல் வைப்பார், பழைய கிழிசல் போன வருசத்துச் சனத்துக்குத் தெரியும் என்பார். வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் நிறுத்தினார்.

"மகள், இந்த இடத்தக் கேளு. குரல் கொஞ்சம் இறங்கிப்போகுதா?"

ஒவ்வொரு வருசமும் கேட்பார். ஒவ்வொரு வருசமும் இல்லை வாப்பா, நல்லம் என்பாள். இந்த முறை அவள் அவருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, எழுதினது பர்ஸான். சொன்னது நான்."

அவருடைய விரல்கள் கட்டைகளின் மேலேயே கிடந்தன. "தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் படிச்ச பொடியன் மகள். அவன் எழுதுறெண்டா பெண் பாத்திரம், சித்திரிப்பு எண்டெல்லாம்தான் எழுதுவான். 'ஒரு பேராச்சும் வெச்சிரிக்கலாம்' எண்டு கதைக்கிறது இந்த வீட்டுப் பொம்புளைகள். உன்ட உம்மா அப்பிடித்தான் கதைப்பா. வாசிச்ச உடனே எனக்கு விளங்கிட்டு."

"விளங்கியுமா காவின முறிக்கச் சொன்ன நீங்க?"

"அவன் அழிச்சிப்போட்டான் எண்டா, நீயும் அதச் சொல்லாத மாதிரி ஆகிப்போகும் எண்டு நினைச்சன்." அவர் வெட்கப்பட்டவர்போலச் சிரித்தார். "நீயும் வந்து சொல்லாம இரிந்திரிக்கலாம்."

ஐம்பதினாயிரம் பேர் கைதட்டினாலும் இந்த மனிதருக்குக் காணாது. இவர் கேட்கிறது ஒருத்தியின் சொல்லை. அந்த ஒருத்தி இல்லாமல் போனதால் அவள் பெற்ற மகளிடம் வந்து நிற்கிறார்.

"கூடாத நாடகமா மகள்?"

"பாட்டு நல்லம் வாப்பா. சரியான நல்லம்."

"நாடகம்?"

அவள் மண்ணைக் கிளறினாள். "சனம் சொல்ற அளவுக்கு இல்ல."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. தபால் கந்தோரில் முகவரி பிழையான கடிதத்தைத் திருப்பித் தருகிறபோது மனிதர்கள் தலையாட்டுவார்களே, அப்படி ஆட்டினார். ஆர்மோனியத்தை மூடினார். அத்தோடு அப்ரா எழும்பி உள்ளே போயிருக்கலாம், நோன்பு திறக்கிற நேரமும் கிட்டியிருந்தது. ஆனால் வாப்பா பேசினார்.

"உம்மாக்கு இந்த நாடகம் நல்ல விருப்பம். அண்டைக்கு நான் போகாமத்தான் நிண்ட நான். உம்மாதான் சொன்னா, சனம் வந்திரிக்கும், போங்க எண்டு. அந்த ஒரு சொல்ல வெச்சித்தான் மகள் இவ்வளவு காலமும் நான் மேடையில நிக்கிறன்."

இதே சொல்லை அவள் வருசாவருசம் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறாள். முஸ்தாக் அழுகைக் குரலில் சொல்லக் கேட்டிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். இன்றைக்கு அவளால் முடியவில்லை.

"போகச் சொன்னதான் வாப்பா. நீங்க போவீங்க எண்டு நினைச்சிச் சொல்லல்ல."

"என்ன மகள்?"

"நீங்க போன பிறகு கட்டில வாசல் பக்கம் திருப்பச் சொன்னா. சாச்சியும் நேர்சும் சேர்ந்துதான் திருப்பின. வாசலால ஆரு வந்தாலும் தலைய உயத்திப் பார்த்தா. மருந்து வண்டி வந்தாலும் பார்த்தா. என்னக் கூப்பிட்டு, வாப்பா வெளியில நிக்கிறாரா, பார்த்துட்டு வா புள்ள எண்டா. நான் போய்ப் பார்த்துட்டு வந்து, இல்ல உம்மா, போயிட்டார் எண்ட." அப்ரா மண்ணைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். "மெய்யாவா போயிட்டார் எண்டு கேட்டா. மறுகா ஒண்டும் கதைக்கல்ல."

வாப்பா அவளைப் பார்த்தபடியே இருந்தார். அடித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு வழி இருந்தால், பர்ஸானையும் மேல்வீட்டு அறையையும் அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டிருப்பாள். பாங்கு சொன்னது. சாச்சி உள்ளே இருந்து நோன்பு திறக்க வரச்சொல்லிக் கூப்பிட்டாள். வாப்பா எழும்பினார், எழும்புகிறபோது கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகன வரச்சொல்லு" என்றார். "ஒண்டையும் அழிக்கத் தேவயில்ல. பொன்னாடையும் தேவயில்ல."

அன்றைக்கு வாப்பா ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டுப் படுத்துவிட்டார். அப்ராவுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிட்டது. கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் அவள் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்தால், மாப்பிள்ளை கிடைத்தவள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

*

பெருநாள் மூன்றாம் நாள் திடல் கொள்ளாத சனம். பர்ஸான் எழுதியது நல்லதாகப் போயிற்று, கோபத்தில் போன வருசத்தைவிடக் கூடச் சனம் வந்திருந்தது. பச்சைத் துணி கட்டிப் பிரித்த பெண்கள் பக்கத்தில் அப்ராவும் சாச்சியும் இருந்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒரு ஓரமாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பர்ஸான் நின்றான். வாப்பாவே ஆள் அனுப்பி வரச்சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக் கதையின் மிச்சத்தையும், அதை வாப்பாவிடம் சொன்னதையும் அப்ரா அவனுக்குப் போனில் சொல்லியிருந்தாள். அவனைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு ஆளில்லை.

மஃரிபு வரைக்கும் வாப்பா நன்றாகத்தான் நடித்தார். புயல் பாட்டுக்குச் சனம் எழும்பி நின்றது. தொழுதுவிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்ததும், வழக்கம்போல முஸ்தாக் ஒலிவாங்கியை எடுத்தார்.

"தன்ட அருமை மனைவி ஆஸ்பத்திரியில் மரணப் படுக்கையில் இருக்க, 'சனம் வந்திரிக்கும், போங்க' என்று அந்தத் தாய் அனுப்பி வைக்க, கலைக்காகத் தன்னையே தந்த எங்கட காக்கா, இதோ உங்கள் முன்னால்!"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. வாப்பா கிழிந்த சேட்டோடு வந்து திரைக்கு முன்னால் நின்றார். கீபோர்ட்டில் பொடியன் பாட்டின் தொடக்கத்தை வாசித்தான். வாப்பா பாடவில்லை. பொடியன் அதையே இன்னொருமுறை வாசித்தான். திரும்பத் திரும்ப வாசித்தான். வாப்பா வாயைத் திறந்தார், மூடினார். வந்திட்டேன் என்கிற அந்த முதல் சொல்லைச் சொல்ல அவரால் ஆகவில்லை.

அப்ராவுக்கு விளங்கிவிட்டது. அந்தத் திடலில் இருந்த சனத்தில் அவளுக்கும் சாச்சிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒருவனுக்கும் மட்டும்தான் விளங்கியது.

சனத்துக்கு வேறு விதமாக விளங்கியது. பின்பக்கத்தில் இருந்து ஒருவன் பாட்டை எடுத்துக் கொடுத்தான். வந்திட்டேன் மச்சி! பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நிமிசத்தில் திடல் முழுக்கப் பாடியது. போன் வெளிச்சங்களைத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்கள். பிள்ளைகள் பாடினார்கள், கட்டார்க்காரர்கள் பாடினார்கள், பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள்ளே வாயை மூடிக்கொண்டு பாடினார்கள். வந்திட்டேன் மச்சி, வந்திட்டேன் மச்சி. அவர்கள் பாடப் பாட வாப்பா தோளைக் குறுக்கினார், கல்லெறி படுகிறவர்போல.

"பாருங்க கா, என்ன நடிப்பு!" என்று பக்கத்துப் பெண் அப்ராவின் தொடையில் தட்டினாள். அவளுடைய கன்னமெல்லாம் கண்ணீர். "இது வரைக்கும் இப்பிடிச் செய்யல்லயே!"

வாப்பா கையை நீட்டித் திரையைப் பிடித்தார். அதை ஒரு நாளும் ஒருவரும் தொட்டதில்லை. ஒரே இழுவையில் அதைக் கழற்றிக் கீழே போட்டார்.

பின்னால் ஒன்றுமில்லை. இரண்டு பிளாஸ்டிக் கதிரை, தண்ணீர்ப் போத்தல்கள், யாரோ கழற்றி வைத்த செருப்பு, அதற்கப்பால் இருட்டும் கடலும். வாப்பா அங்கே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் ஒருத்தியை எதிர்பார்த்தவர்போல, அவள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தவர்போல நின்றார். அப்ரா எழும்பினாள். பச்சைத் துணியைத் தாண்டினால் ஆண்கள் பக்கம். அத்தனை ஆண்களுக்கு ஊடே நடந்து மேடைக்குப் போக வேண்டும். எழும்பியவளைச் சாச்சி கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டாள். அவளும் இருந்துவிட்டாள். அந்த இருப்புக்காக அவள் தன்னை மன்னிக்கப் போவதில்லை.

பாட்டு முடிந்தது. பிறகு சனம் எழும்பிக் கைதட்டத் தொடங்கியது. விசிலடித்தார்கள், அல்லாஹு அக்பர் சொன்னார்கள். திரைச்சீலையை எடுத்து மடித்து, பொன்னாடைபோல வாப்பாவின் தோளில் போர்த்தினார் முஸ்தாக். "காக்கா, எங்க ஒளிச்சி வெச்சிரிந்தீங்க இந்த சீன?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார். "அடுத்த வருசமும் இப்பிடியே வெப்பம்! திரைய இழுத்துப் போட்டு முடிப்பம்!"

சனம் ஓம் என்று கத்தியது. வாப்பா அவர்களைப் பார்த்துக் கும்பிடுகிறவர்போல இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். சிரித்தார்கூட.

அடுத்த நாளே அக்கரைப்பற்றுக்காரர்களும் பர்ஸானுக்குப் போன் எடுத்தார்கள், கடைசிக் காட்சியைக் கண்ட பிறகாவது எழுதினதை மாத்து என்று. அவன் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

ஆனால் அது அடுத்த நாள். அன்றைக்கு வாப்பாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ சனத்துக்குள்ளால் ஊர்ந்து வந்தது. ஆட்டோவின் தகரத்தில் தட்டித் தட்டி, மாஷா அல்லாஹ் காக்கா என்றார்கள். கையை உள்ளே நீட்டி அவருடைய கையைப் பிடித்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சலாம் சொன்னார். பெரிய வீதிக்கு ஏறினதும் சத்தம் குறைந்தது. அவருடைய முகத்தில் பூச்சு வேர்வையில் கரைந்து சேட்டுக் கழுத்துவரைக்கும் வடிந்திருந்தது. அப்ரா தன் சால்வை நுனியால் துடைத்துவிட்டாள். அவர் பிள்ளை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மகள்."

"ஓம் வாப்பா."

"உம்மா என்ன ஏசினாவா?"

"இல்ல வாப்பா."

"சும்மா சொல்லாத. மனுசன், நாடகம், அது இது எண்டு ஒரு சொல்லாச்சும்?"

"இல்ல வாப்பா. ஒரு சொல்லும் ஏசல்ல."

அவர் சால்வையோடு அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏசியிரிக்கலாம்" என்றார் வாப்பா. "ஏசியிரிந்தா நான் என்ன பதில் சொல்ற எண்டாச்சும் தேடியிரிப்பன்."